தன் குரலுக்குத் தானே பின்பாட்டு

வில்லுப்பாட்டுக் கேளாத நாஞ்சில் நாட்டார் இரார். திருவனந்தபுரத்துக்குத் தெற்கே அம்மன் கோயில்களிலும் சுடலைமாடன் கோயில்களிலும் கொடை நடைபெறும் இரவுகளில், நடுவே வில்லின் முன் அமர்ந்து அண்ணாவி கதையைப் பாடுவார். அவருக்கு வலப்புறம் சிலரும் இடப்புறம் சிலரும் இருப்பர். வலத்தே பாடுவோர், இடத்தே பாடுவோர் என்றே அவர்களுக்குப் பெயர். அண்ணாவி ஓர் அடியைப் பாடி முடிக்குமுன் அவர்கள் அதனைப் பற்றிக்கொள்வர். ஒற்றைக் குரலாகப் புறப்பட்ட அடி, பந்தலின் இருபுறமும் பரந்து, கேட்போர் நெஞ்சை நிறைத்துவிடும். திருவீழிமிழலைச் சகோதரர்களின் இரட்டை நாதசுரத்துக்கு ஊர் ஊராகக் கூட்டம் கூடியதன் மருமமும் இதுவேதான். இருவர் வாசிப்பதால் ஓசை இரு மடங்கு உரக்கும் என்பதன்று. ஓசையின் தன்மையே மாறிவிடுகிறது. மெல்லிய நூலாக இருந்தது முறுக்கிய கயிறாகிவிடுகிறது.

பாடத் துணையில்லாத ஒருவர், தம் குரலுக்குத் தாமே இங்ஙனம் பின்பாட்டுப் பாடிக்கொள்ள இயலுமா? இயலும். அதுவும் இன்று விடுதி அறையிலேயே இயலும். ஒருமுறை பாடிப் பதிவு செய்துவிட்டு, அதனைக் காதால் கேட்டுக்கொண்டே மறுமுறையும் அதே பாட்டைப் பாடிப் பதிந்து, இரண்டையும் ஒருங்கே ஒலிக்கச் செய்வதுதான் அது. ஒலிப்பதிவுத் துறையினர் இதனை ‘டபுள் டிராக்கிங்’ என்பர்; நாம் இரட்டைத் தடப் பதிவு எனலாம்.

இதை நம் மாணவர்க்கு எடுத்துச் சொல்லக் காரணம் உண்டு. நம்மில் பலர் தமிழ்க் கவிதைகளுக்கு மெட்டமைத்துக் கைப்பேசியிலோ கணிப்பொறியிலோ பதிவு செய்கிறோம். கேட்டுப் பார்க்கும்போது குரல் மெலிந்து, வறண்டு, அறையின் மூலையில் நின்று ஒலிப்பது போலத் தோன்றுகிறது. திரைப்படப் பாட்டில் வரும் குரலோ திரண்டு, காதருகே வந்து நிற்கிறது. விலையுயர்ந்த மைக் வாங்கினால்தான் அது வாய்க்கும் என்று எண்ணிப் பாட்டையே கைவிட்டோரும் உளர். நல்ல மைக் நன்மையே. எனினும் பல பாடல்களில் நாம் ‘திரட்சி’ என்று உணர்வது மைக்கின் வேலையன்று, இரண்டாம் குரலின் வேலை.

இது நேற்று முளைத்த வித்தையன்று. 1941-ஆம் ஆண்டிலேயே சிட்னி பெஷே என்ற அமெரிக்க ஜாஸ் கலைஞர் ஒரே பாட்டில் 6 இசைக்கருவிகளையும் தாமே வாசித்து, ஒன்றன்மேல் ஒன்றாகப் பதிந்து வெளியிட்டார். அப்போது ஒலி நாடா பழக்கத்துக்கு வரவில்லை. ஒரு தட்டில் பதிந்ததை ஒலிக்கவிட்டு, அதனோடு சேர்ந்து வாசித்து மற்றொரு தட்டில் பதிய வேண்டும். ஒவ்வொரு முறையும் பழைய ஒலி தேய்ந்து இரைச்சல் ஏறும். பாட்டி பேஜ் என்ற பாடகி 1948-இல் வெளிவந்த ஒரு பாட்டில் தம் குரலுக்குத் தாமே மறுமொழி பாடினார். பின்பாட்டுக்காரரை அமர்த்தப் பணம் போதாமையே அதற்குக் காரணம் என்பர். வறுமை கற்றுக்கொடுத்த வித்தைகளுள் இதுவும் ஒன்று போலும்! 1951-இல் லெஸ் பால், மேரி ஃபோர்டு என்ற கணவனும் மனைவியும் ஒலி நாடாவைக் கொண்டு ஒரு பெண்ணின் குரலைப் பலவாகப் பெருக்கிக் காட்டினர். அவர்களுடைய பதிவுகளில் பெரும்பகுதி வீட்டிலேயே நடந்தது. ஆகவே வீட்டுப் பதிவும் இரட்டைத் தடமும் தொடக்கமுதலே உடன்பிறந்தவை.

தமிழுக்கு வருவோம். நம் திரையிசையில் நெடுங்காலம் பாடகரும் வாத்தியக்காரரும் ஒரே கூடத்தில் கூடி, ஒரே மூச்சில் பாட்டைப் பதிந்தனர். யாரேனும் ஒருவர் பிசகினால் எல்லாரும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். அந்த நிலையில் ஒருவர் குரலை இரண்டாக்குவது எளிதன்று. 1978-இல் வெளிவந்த ‘சிட்டுக்குருவி’ படத்துக்கு இளையராஜா அமைத்த ‘என் கண்மணி’ பாட்டைக் கேட்டுப் பாருங்கள். எஸ்.பி. பாலசுப்ரமணியமும் பி. சுசீலாவும் பாடியது. அதில் ஒரு குரல் ஓர் அடியைப் பாடிக்கொண்டிருக்கும்போதே அதே குரல் வேறோர் அடியால் அதன்மேல் படர்கிறது. வாய் ஒன்று, மனம் ஒன்று என இரண்டும் ஒருசேரப் பேசுவது போன்ற அமைப்பு. ஒரே வாய் ஒரே கணத்தில் இரண்டு அடி பாட மாட்டாது. தனித்தனியே பாடிச் சேர்த்தாலன்றி அப்பாட்டு இல்லை. அடிகள் வேறுவேறாதலின் இதனைக் கண்டிப்பான பொருளில் இரட்டைத் தடம் என்று சொல்ல முடியாது. அதன் பங்காளி எனலாம். ஆயினும் ஒரு குரலை இரண்டாக்குவதற்குப் பொருள் வேண்டும், வெறும் பூச்சுக்காக அன்று என்பதற்கு இதனினும் நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரிந்து தமிழில் அரிது.

நம் நகருக்கும் இக்கலையில் பங்குண்டு. பாடகர் யேசுதாஸ் 1980-இல் தரங்கிணி என்ற ஒலிப்பதிவு நிறுவனத்தைத் திருவனந்தபுரத்தில்தான் தொடங்கினார்; மலையாளப் பாட்டுகள் காசெட்டுகளாக வீடுதோறும் நுழைந்த காலம் அது. பன்னிரண்டு ஆண்டு கழித்து, 1992-இல் ‘ரோஜா’ வெளிவந்தபோது, கோடம்பாக்கத்தில் வீட்டை ஒட்டி அமைத்த சிறியதோர் ஒலிப்பதிவுக் கூடத்திலிருந்தே ஏ.ஆர். ரகுமான் நாட்டையெல்லாம் திரும்பிப் பார்க்கச் செய்தார். அவர் தந்தையார் ஆர்.கே. சேகர் மலையாளத் திரையிசையில் உழைத்தவர் என்பது இங்குள்ளோர் அறிந்ததே. பெரிய கூடம் இருந்தால்தான் பெரிய ஓசை பிறக்கும் என்ற எண்ணம் அன்றோடு தளர்ந்தது.

இனி, இரண்டு முறை பாடினால் ஏன் குரல் திரள்கிறது என்று பார்ப்போம். இதில்தான் பலர் தடுமாறுகின்றனர். “ஏன் இரண்டு முறை பாடித் தொண்டையைக் கெடுத்துக்கொள்ள வேண்டும்? ஒருமுறை பாடியதை நகலெடுத்து அதன் கீழேயே ஒட்டிவிட்டால் போதாதா?” என்று கேட்பர். கணிப்பொறியில் அது இரண்டு விசையழுத்தில் முடியும் வேலைதான். செய்து பாருங்கள். குரல் உரக்கும், 6 டெசிபெல் ஏறும், அவ்வளவே. ஒலியளவுக் குமிழைத் திருகினாலும் இதே பயன்தான் கிட்டும். ஓர் அலையின் மேட்டின்மேல் அதே மேடும், பள்ளத்தின்மேல் அதே பள்ளமும் பொருந்துவதால் அலை உயர்கிறதேயன்றி வடிவம் மாறுவதில்லை.

இருமுறை பாடும்போதோ எந்த மனிதனும் ஒன்றுபோல் பாட மாட்டான். நம் குறைபாடே இங்கு நமக்குச் செல்வம். முதன்முறை நொடிக்கு 440 அதிர்வில் நின்ற சுரம், மறுமுறை 442-க்கு மேல் சற்றே ஏறி நிற்கும். ஒரு சுரத்தானத்துக்கும் அடுத்ததற்கும் உள்ள இடைவெளியை 100 கூறிட்டால் இது ஏறத்தாழ 10 கூறு. சுருதி பிசகியதாக எவரும் சொல்லார். ஆனால் இரண்டும் சேர்ந்து ஒலிக்கையில், இரண்டு நொடிக்கு ஐந்து முறை என்ற கணக்கில் ஓசை மெல்ல ஏறி இறங்கும். இயற்பியல் வகுப்பில் ‘விம்மல்’ என்று படித்தோமே, அதுதான். பாடும் குரல் ஓரிடத்தில் நில்லாது. ஆகவே விம்மலின் வேகமும் நொடிக்கு நொடி மாறும். ஒரு சொல்லில் முதற்குரல் முந்தும். அடுத்த சொல்லில் இரண்டாவது முந்தும். இந்த ஓயாத சிறு வேறுபாட்டைக் கேட்டே, “இங்கே ஒருவரல்லர், ஒருவருக்கு மேற்பட்டோர் பாடுகின்றனர்” என்று செவி முடிவு செய்கிறது.

நகலைச் சற்றே தள்ளி ஒட்டினால் என்ன ஆகும் என்ற கேள்வி அடுத்து எழும். மிகச் சிறிது தள்ளினால் தொல்லை. நொடியை ஆயிரம் கூறிட்டால் ஒரு கூறு ஒரு மில்லிநொடி. நகலை 1 மில்லிநொடி தள்ளினால், நொடிக்கு 500 அதிர்வுள்ள ஒலியில் ஒன்றின் மேடு மற்றொன்றின் பள்ளத்தில் விழுந்து இரண்டும் அழியும். அவ்வாறே 1500, 2500 என்று வரிசையாக அழிவு நேரும். மிச்சமிருக்கும் ஓசை, குடத்துக்குள் தலையை விட்டுப் பாடியது போலிருக்கும். இன்னும் தள்ளி 20 முதல் 40 மில்லிநொடிக்குக் கொண்டுபோனால் குடத்தோசை குறைந்து இரட்டைக் குரலின் சாயல் பிறக்கும். அதற்கும் அப்பால், பேச்சானால் 50 மில்லிநொடியை நெருங்கும்போதே, எதிரொலி தனியாகப் பிரிந்து கேட்கத் தொடங்கும்.

இந்த எல்லைகளை 1949-இல் ஜெர்மனியின் கெட்டிங்கன் நகரில் ஹெல்முட் ஹாஸ் என்பவர் தம் ஆய்வேட்டில் அளந்து காட்டினார். முதல் ஒலியை அடுத்துச் சுமார் 30 மில்லிநொடிக்குள் அதே ஒலி மறுபடி வந்தால், செவி இரண்டையும் ஒன்றாகவே கொள்ளும். ஒலி வந்த திசையையும் முன்வந்ததைக் கொண்டே தீர்மானிக்கும். பின்வந்தது 10 டெசிபெல் உரத்திருந்தாலும் கூடச் செவி அதைத் தனியாகப் பொருட்படுத்துவதில்லை! 30 மில்லிநொடியில் ஒலி நம் ஊர்க் காற்றில் ஏறத்தாழ 10 மீட்டர் செல்லும். எனவே 5 மீட்டருக்கு அப்பாலுள்ள சுவரின் முன் நின்று கைதட்டினால் எதிரொலி தனியே கேளாது. 17 மீட்டருக்கு அப்பால் போய்த் தட்டினால் தெளிவாகக் கேட்கும். பல்கலைக்கழக வளாகத்தில் நெடுஞ்சுவர்களுக்குக் குறைவில்லை. மாலையில் சோதித்துப் பார்க்கலாம்.

நகலைத் தள்ளி வைத்து இரட்டைக் குரல் செய்யும் முறைக்குப் பெரும்புகழ் கிடைத்தது 1966-இல். பீட்டில்ஸ் குழுவின் ஜான் லென்னனுக்கு இரட்டைக் குரலின் ஓசை பிடிக்கும். ஆனால் ஒரே பாட்டை இரண்டாம் முறை பாடுவதில் சலிப்பு. லண்டன் ஆபி ரோடு ஒலிப்பதிவுக் கூடத்தின் பொறியாளர் கென் டவுன்செண்டு இதற்கு ஒரு வழி கண்டார். பதிந்த குரலை இரண்டாவது ஒலி நாடாப் பொறியொன்றின் வழியே செலுத்தி, அப்பொறியின் வேகத்தை மின்னலையால் சிறிது கூட்டியும் குறைத்தும், வெளிவருவதை மூலக் குரலோடு சேர்த்தார். தள்ளல் ஒரே அளவில் நில்லாமல் அலைந்துகொண்டே இருந்தமையால் நகல், நகல் போலத் தோன்றவில்லை. அவ்வாண்டு வெளிவந்த ‘ரிவால்வர்’ இசைத்தட்டில் அதனைக் கேட்கலாம். இன்று கணிப்பொறி மென்பொருள்களில் ‘டப்ளர்’ என்ற பெயரோடு வருவன எல்லாம் அந்தச் சோம்பலின் பேரப்பிள்ளைகள்.

எனினும் என் கருத்தைக் கேட்டால், இருமுறை பாடுவதே சிறந்தது என்பேன். பொறி சுருதியையும் காலத்தையும் அலைக்கும்; ஆனால் சொல்லை மறுபடி நினைத்துப் பாடாது. இரண்டாம் முறை பாடும்போது அந்தச் சொல்லின் பொருள் நம் மனத்தில் வேறொரு நிறத்தோடு எழுகிறது. அந்த நிறமும் பதிவில் ஏறுகிறது. பாட ஒருவருமே இல்லாத அவசரத்துக்குப் பொறி உதவட்டும்.

செய்முறைக்கு வருவோம். ஆடாசிட்டி என்ற மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது. இவ்வேலைக்கு அது போதும். அறையில் மின்விசிறியை நிறுத்துக. வெக்கை தாங்காது என்பது உண்மையே. ஆனால் விசிறியின் இரைச்சல் இரண்டு தடத்திலும் ஏறி இரட்டிக்கும். இடவப்பாதியிலும் துலாவர்ஷத்திலும் ஓட்டின்மேல் மழை பொழியும் நேரம் உதவாது. பின்னிரவே உத்தமம், அடுத்த அறைக்காரர் சம்மதம் முக்கியம். வெறுஞ்சுவரை நோக்கிப் பாடாமல், துணி நிறைந்த அலமாரியைத் திறந்துவைத்து அதன் முன் பாடினால் சுவரெதிரொலி பெரிதும் அடங்கும்.

முதல் தடத்தைத் திருத்தமாகப் பாடி முடித்த பின்பே இரண்டாவதைத் தொடங்க வேண்டும். முதலது கோணினால் இரண்டாவது அக்கோணலையே பின்பற்றும். இரண்டாவதைப் பாடும்போது முதற் குரலைக் காதில் கேட்க ஹெட்போன் வேண்டும்; ஒலி வெளியே கசியாத, காதை மூடும் வகை நல்லது. கம்பியில்லாத புளூடூத் வகை இதற்கு ஆகாது. அதில் ஒலி காதை அடையவே 100 மில்லிநொடிக்கு மேல் ஆவதுண்டு. நீங்கள் சரியாகப் பாடியும் பதிவில் பின்தங்கி நிற்பீர்கள். கம்பி வைத்த ஹெட்போனிலும் கணிப்பொறி தன் பங்குக்குச் சிறிது தாமதிக்கும். தாளத் தட்டொலியொன்றை ஒலிக்கவிட்டு, ஹெட்போனை மைக்கின் வாயில் பிடித்து, அதனைப் பதிந்து பாருங்கள். மூலத் தட்டுக்கும் பதிந்த தட்டுக்கும் உள்ள இடைவெளியே அத்தாமதம். அவ்வளவையும் பின்னர் முன்னிழுத்துக்கொள்ளலாம். சுருதி வழுவாதிருக்க ஒரு காதைத் திறந்து வைத்துப் பாடுவது பாடகர் பலரின் வழக்கம்.

தமிழ்ப் பாட்டுக்கென்று சில சங்கடங்கள் உண்டு. ஆங்கில நூல்களில் இவற்றுக்கு விடை தேடிப் பயனில்லை. ஒன்று நம் வல்லினம். ‘பக்கம்’, ‘எட்டு’, ‘முத்து’ போன்ற சொற்களில் மூச்சு ஒரு கணம் அடைபட்டுப் பின் வெடிக்கிறது. இரண்டு தடத்திலும் அவ்வெடிப்பு வேறுவேறு கணத்தில் நேர்ந்தால், பாடகருக்குத் திக்குவாய் என்று கேட்போர் எண்ணுவர். இதற்கு எளிய மருந்து: இரண்டாம் தடத்தில் வல்லின ஒற்றை மெலிதாகத் தொட்டுவிட்டு உயிரொலியை மட்டும் நிறைவாகப் பாடுங்கள். சொல்லின் விளிம்பை முதற்குரல் காட்டும். உடம்பை இரண்டாம் குரல் தரும். அடியின் ஈற்றில் வரும் ‘ம்’, ‘ன்’ ஒற்றுகளும் அப்படியே. ஒருமுறை நீட்டியும் ஒருமுறை குறுக்கியும் பாடுவது நம் இயல்பு; எந்த மாத்திரையில் மூடுவது என்பதை முன்கூட்டியே கைத்தாளத்தால் தீர்மானித்துக்கொள்ள வேண்டும். மூச்சு வாங்கும் ஓசையை இரண்டாம் தடத்திலிருந்து வெட்டி எறிந்துவிடலாம். இரண்டு பெருமூச்சுக் கேட்பது நன்றாயிராது.

இதனினும் பெரிய சங்கடம் கமகம். மேனாட்டு மெட்டுகளில் சுரம் பெரும்பாலும் நின்று ஒலிக்கும். நம் இராகங்களில் அது அசைந்தாடும். தோடியின் காந்தாரத்தை ஒருவர் இருமுறை அசைத்துப் பாடினால், ஒன்று மேலேறும்போது மற்றொன்று கீழிறங்கிக்கொண்டிருக்கும். இரண்டும் சேர்ந்தால் அழகன்று, குழப்பம். ஆகவே மோகனம் போன்ற இராகத்தில் அசைவு குறைந்த மெட்டுகள் இரட்டைத் தடத்துக்கு இணங்கும். கமகம் மிகுந்த பாட்டானால், பல்லவியில் சுரம் நேராக நிற்கும் அடிகளை மட்டும் இரட்டித்து, சங்கதி விழும் இடங்களில் முதற்குரலைத் தனியே விட்டுவிடுவதே அறிவுடைமை. வில்லுப்பாட்டிலும் பின்பாட்டுக்காரர் எல்லா அடியையும் தொடுவதில்லையே.

எந்தப் பாட்டை இரட்டிக்கவே கூடாது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். தாலாட்டில் பாடுபவள் ஒரு தாய். தொட்டிலருகே இரண்டு பேர் நின்று பாடினால் குழந்தை விழித்துக்கொள்ளும்! விருத்தமும் அப்படியே, தாளமில்லாமல் தனி மனம் பேசும் இடம் அது. இன்னொன்று: ஒருவரே எட்டுமுறை பாடி அடுக்கினாலும் அது குழுப்பாட்டு ஆகிவிடாது. தொண்டையும் வாயும் ஒன்றே ஆதலின் குரல்நிறம் ஒன்றாகவே இருக்கும். கூட்டம் போலத் தோன்றாமல் ஒருவரது நிழல்கள் போலத் தோன்றும். நாலு நண்பர் சேர்ந்து ஆளுக்கு இருமுறை பாடுவது அதனினும் மேல். நம் சங்க ஆண்டுவிழாப் பாட்டுக்கு இந்த வழி பொருந்தும்.

பதிந்த இரு தடங்களையும் சேர்ப்பதில் இரண்டு வழக்கம். முதற்குரலை நடுவே நிறுத்தி, இரண்டாவதை 6 முதல் 10 டெசிபெல் தாழ்த்தி அதன் பின்னே ஒளித்து வைப்பது ஒன்று. கேட்போர்க்கு இரண்டாம் குரல் இருப்பதே தெரியாது, எடுத்துவிட்டால்தான் குறை தெரியும். ஒன்றை வலத்தேயும் மற்றதை இடத்தேயும் சம அளவில் நிறுத்துவது மற்றொன்று. வில்லுப்பாட்டு மேடை அப்படியே ஹெட்போனுக்குள் வந்துவிடும். பொறியால் தள்ளிய நகலை இவ்வாறு வலமிடமாகப் பிரிக்கும்போது மட்டும் கவனம் தேவை. விழா மண்டபங்களின் ஒலிபெருக்கிகள் பெரும்பாலும் வலமிடம் பாராமல் இரண்டையும் ஒன்றாக்கியே ஒலிக்கும். ஹெட்போனில் தேனாக இருந்த நகற்குரல் அங்கே முன் சொன்ன குடத்தோசையாகிவிடும். இருமுறை பாடியதற்கு இந்த ஆபத்து மிகக் குறைவு. எதுவாயினும் விழாவுக்கு முந்திய நாளே மண்டபத்து ஒலிபெருக்கியில் ஒருமுறை ஓடவிட்டுக் கேட்க வேண்டும். அல்லது மென்பொருளில் இரு தடத்தையும் ‘மோனோ’ ஆக்கிக் கைப்பேசியின் ஒற்றை ஒலிபெருக்கியில் கேட்டாலும் குறை புலப்பட்டுவிடும்.

குரல் வளம் போதாதவர்க்கு இன்னொரு வழியும் உண்டு. இரண்டாம் தடத்தைப் பாடவே வேண்டாம். அதே தாளத்தில், அதே சொற்களை, மைக்குக்கு மிக அருகே வாய் வைத்து இரகசியம் சொல்வது போல் மூச்சால் மட்டும் சொல்லிப் பதிந்து, முதற்குரலின் கீழே மிகத் தாழ்த்தி வையுங்கள். மூச்சொலிக்குச் சுருதி இல்லை. ஆதலின் பிசகுவதற்கும் ஒன்றுமில்லை. தோடியானாலும் தடையில்லை.